சேர்மக்கனிக்கு இன்னும் இரண்டு வருஷம்

ஏழுமடையில் பிறக்கிற பிள்ளை முதலில் அழாது. வலது கையைத் தூக்கி ஒரு சர்வீஸ் போட்டுவிட்டு, பந்து கோட்டுக்குள் விழுந்ததா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அழும். வெளியூர்க்காரர்கள் இதை நம்ப மாட்டார்கள். அவர்கள் ஊர்ப் பிள்ளைகள் சும்மா அழுகிறவை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

சிவந்த தேரி மணல் சூழ்ந்த அந்தச் சின்ன ஊர், மாநில வாலிபால் லீக்கில் சென்னையோடும் கோவையோடும் சரிக்குச் சரி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது என்றால் அதற்குக் காரணம் சேர்மக்கனி. வாலிபாலில் ஒரு பக்கத்துக்கு மூன்று தொடல். முதல் ஆள் பந்தை எடுப்பான். மூன்றாவது ஆள் எகிறி அடிப்பான். மறுநாள் பேப்பரில் அவன் முகம்தான் வரும். நடுவில் ஒருத்தன் இருக்கிறானே, யாருக்கு, எவ்வளவு உயரத்தில், எந்த நொடியில் என்று தீர்மானித்து இரண்டு கையாலும் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன், அவன்தான் செட்டர். கனி தூக்கிக் கொடுத்த பந்து காற்றில் நிற்கும். அடிக்கிறவன் ஓடிவந்து, எகிறி, மேலேயே கொஞ்சம் இளைப்பாறி, கூட்டத்தில் சொந்தக்காரர்கள் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு அப்புறம் அடிக்கலாம். அவ்வளவு நேரம் நிற்கும்.

அந்தக் கனிக்கு முப்பத்துநாலு வயதில் ஒப்பந்தம் முடிந்தது. நீட்டிப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்ற கேள்வி கிளப் தலைவி ஞானசுந்தரி டீச்சரின் தலையில் வந்து விழுந்தது.

டீச்சர் அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பணியிலிருந்துதான் ஓய்வு, கழுத்து விசிலுக்கு ஓய்வில்லை. அந்த விசில் சத்தத்துக்கு எதிரே வந்த பஸ் நின்றிருக்கிறது. ஒருமுறை மழையே நின்றதாகச் சொல்வார்கள். மழையைப் பற்றி டீச்சரிடம் கேட்டால் மறுக்க மாட்டார்.

பிரச்சினை சென்னையிலிருந்து ஒரு மரப்பெட்டியில் வந்தது. கூடவே வருண் என்ற கம்பெனிக்காரப் பையனும் வந்தான். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு ஆளுயர இயந்திரம்: கீழே சக்கரம், நடுவில் ஒரு தூண், மேலே பஞ்சு வைத்துத் தைத்த இரண்டு கைகள். கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கிற பொம்மைக்கு அண்ணன் மாதிரி இருந்தது. பெட்டியை மூடுவதற்குள் ஊர் அதற்குப் பன்னீர் என்று பெயர் வைத்துவிட்டது.

"மூணு சீசனா கனி சார் தலையில ஒரு பட்டை கட்டியிருந்தாரில்ல மேடம்," என்று வருண் கிளப் கமிட்டிக்கு விளக்கினான். "அவர் ஆட்டத்துல எங்க பார்த்தார், யாரை யோசிச்சார், என்ன முடிவு எடுத்தார், எல்லாம் அதுல பதிஞ்சிருக்கு. அதை வச்சு அவர் புத்தியை நகல் எடுத்திருக்கோம். ஆட்டத்துல அவர் யோசிக்கிறதைத்தான் இதுவும் யோசிக்கும். குரலும் அவரோடதுதான். கை மட்டும் எங்களோடது."

"மூளை எங்க ஊரு, கை ஒங்க ஊராக்கும்?" என்றார் பேக்கரி காஜா மைதீன். "கலப்புக் கல்யாணம்லா இது!"

"வயசாகாது சார். சுளுக்காது. ஒருதடவை வாங்கினா போதும்."

"இதை வாங்குனா கனி என்ன செய்வான்?" என்று டீச்சர் கேட்டார்.

வருண் நல்ல பிள்ளை. பதில் சொல்வதற்கு முன் தரையைப் பார்த்தான். "அசலோட பேர்ல நகல் ஆடும்போது அசல் வேற எந்த கிளப்புக்கும் ஆடக்கூடாது மேடம். பேரும் ஆட்டமும் நகலுக்குப் போயிடும். லீக் விதி அப்படி."

அதன் அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். பக்கத்து ஊர் செட்டர் அந்தோணிராஜுக்குப் போன வருஷம் நகல் வந்தது. இயந்திரம் புள்ளி எடுத்தால் கூட்டம் "அந்தோணீ!" என்று அலறும். மைதானத்துக்கு எதிர்ப் பெட்ரோல் பங்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருக்கும் அந்தோணிராஜ், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்ப்பான்.

"பாவந்தான். யாரு இல்லேன்னா?" என்று எழுந்தார் பொருளாளர் தவசிலிங்கம். பெயின்ட் கடைக்காரர். அவர் மகன் ஆதவன்தான் அணியின் ஒன்பதாம் நம்பர், பெரிய அடிக்காரன். மகன் அடித்த பந்து ஒன்று தூத்துக்குடிக் கப்பலில் விழுந்து கொழும்புக்குப் போய்விட்டது என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். ஏழுமடையில் அதை யாரும் மிகையாக நினைப்பதில்லை. "ஆனா போன சீசன் பூரா கனி பந்து லேட்டு. ஏம் பய மேல போயி காத்துக் கெடக்கான், பந்து பின்னால ஆடி அசைஞ்சு வருது. எதிராளி ரெண்டு பேரு வந்து கைய நீட்டி மறிச்சுட்டுப் போறான். கை தளந்துட்டு டீச்சர். ஏம் பய பேரு ஸ்டேட் டீமுக்குப் போக வேண்டிய நேரத்துல இவன் கெடுத்துருவான்."

"ஏ அண்ணாச்சி, ஒம்ம மவன் மொதமொதல்ல பந்தைத் தொட்டதே கனி கையில இருந்துதான்வே," என்றார் காஜா.

"அதுக்கு நன்றி சொல்லியாச்சு பாய். தீவாளிக்கு ஒரு டப்பா பெயின்டும் குடுத்தாச்சு."

தவசிலிங்கம் பொய் சொல்லவில்லை. கம்பெனியின் கணக்கிலும் கனியின் பந்து போன சீசனில் சராசரியாகத் தாமதம்தான். கனி ஒரு மூலையில் நின்று பந்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். யார் பேசினாலும் அவன் முகம் பந்தைத்தான் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பன்னீருக்குச் சோதனை ஆட்டம் வைத்தார்கள். ஊரே வந்திருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்கள் டாக்டரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

பன்னீர் ஆடியது. அடடா, என்ன ஆட்டம்! கனிக்கே உரிய அந்தக் குறும்பு, வலப்பக்கம் பார்த்தபடியே இடப்பக்கம் தூக்கிவிடுவது, அப்படியே வந்தது. நெட்டை ஒட்டி நூல் பிடித்தமாதிரி ஒரு பந்தை விட்டபோது காஜா மைதீன் தன் கட்சியை மறந்து கைதட்டிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். நல்ல பந்து போனால் கனி "போ மக்கா!" என்று கத்துவான். தூணுக்குள்ளிருந்தும் அதே "போ மக்கா!" வந்தது. கூட்டத்தில் நின்ற கனியின் மனைவி பேச்சித்தாய், அந்தக் குரல் கேட்டதும் பன்னீரைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வாய் மூடி நின்ற புருஷனைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

டீச்சர் நடுவர் மேடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் பாதி போனபோது அவருக்கு ஒன்று இடித்தது.

பன்னீர் மற்ற எல்லாருக்கும் பந்தை மின்னலாய் விட்டது. ஆதவனுக்கு மட்டும் கொஞ்சம் உயரமாக, ஒரு இழுப்பு தாமதமாக விட்டது. அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறையும்.

"ஏ தம்பி, இங்க வா," என்று வருணைக் கூப்பிட்டார். "ஒன் மெசினு ஏன் ஒம்போதுக்கு மட்டும் லேட்டா குடுக்கு?"

வருணின் முகம் சிவந்தது. "கவனிச்சிட்டீங்களா? சின்னக் கோளாறு மேடம். ஹெட் ஆபீஸ்ல சரி பண்ணிடுவாங்க."

"இருக்கட்டும். பட்டை எதைப் பதிஞ்சுது? கனி கையையா, புத்தியையா?"

"புத்தியைத்தான். கை எங்களோடதுன்னு சொன்னேனே."

"அப்போ கை தளந்ததுன்னா அது ஒங்க மெசினுக்கு வராதுல்லா?"

"வராது. எப்படி வரும்?"

"போன சீசன் கனி யாருக்கு லேட்டா குடுத்தாம்னு ஆள் ஆளா பிரிச்சுச் சொல்லு பாப்போம்."

"நாங்க மொத்த சராசரிதான் பார்ப்போம் மேடம்..." என்று இழுத்தபடி வருண் கையிலிருந்த கணினிப் பலகையைத் தட்டினான். எண்களை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தான். "மத்த எல்லாருக்கும் முன்னைவிட வேகமா குடுத்திருக்கார். ஒன்பதாம் நம்பருக்கு மட்டும்தான் தாமதம். அதுதான் சராசரியை இழுத்திருக்கு."

டீச்சர் அதற்குப் பிறகு பந்தைப் பார்க்கவில்லை. ஆதவனின் காலைப் பார்த்தார். பந்து தாமதமாகவும் உயரமாகவும் வரும்போது, ஆதவனுக்கு நிதானமாக ஓடிவந்து இரண்டு காலாலும் எகிறி இரண்டு காலிலும் இறங்க நேரம் கிடைத்தது. ஒரேயொரு பந்து நெட்டில் உரசி வேகமாக வந்தது. அதற்கு அவசரமாய் எகிறி இடது காலில் மட்டும் இறங்கினான். இறங்கியவன் காலுறையை இழுத்து விடுவதுபோல் குனிந்தான். குனிந்தவன் நிமிரக் கொஞ்சம் நேரமானது. காலுறை ஏற்கெனவே மேலேதான் இருந்தது. முப்பது வருஷம் பிள்ளைகளின் முழங்கால்களோடு குடும்பம் நடத்திய டீச்சருக்கு அந்தக் குனிதல் போதும்.

ஆட்டம் முடிந்ததும் கனியைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"ஏல கனி, ஆதவனுக்கு ஏன் பந்தை லேட்டா விடுத?"

கனி காதைச் சொறிந்தான். "காத்து டீச்சர். தேரிக்காத்து. பந்தைப் பிடிச்சு நிறுத்திருது."

"அந்தக் காத்து ஒம்போதாம் நம்பரைப் பாத்துத்தான் அடிக்குமோ?"

"இந்த ஊரு காத்தைப் பத்தி ஒங்களுக்குத் தெரியாதா டீச்சர்."

"ஞாயித்துக்கெழம காலையில நீயும் ஆதவனும் நாகர்கோயிலுக்குப் படம் பாக்கப் போறியளாமே. போன வாரம் பாத்த படத்துல கதாநாயகன் யாருலே?"

கனி இந்த முறை இரண்டு காதையும் சொறிந்தான். "நல்லா நடிச்சிருந்தாரு டீச்சர்."

டீச்சர் விடவில்லை. நேரே பன்னீரிடம் போனார். வருண் டீ குடிக்கப் போயிருந்தான்.

"ஏ பன்னீரு, ஆதவனுக்கு ஏன் லேட்டா குடுத்த?"

தூணுக்குள்ளிருந்து கனியின் குரல் வந்தது. "காத்து டீச்சர். தேரிக்காத்து."

பஞ்சுக்கை ஒன்று மெல்ல உயர்ந்து, காது இருக்க வேண்டிய இடத்தில் காற்றைச் சொறிந்தது.

டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணிலும் என்னவோ வந்தது. ஆதவனுக்கும் இது ஒப்பந்த வருஷம். அந்த வருஷத்தில் ஒரு ஆட்டக்காரனின் காயம் வெளியே தெரிந்தால் லீக்கிலிருந்தே பெயரை அடித்துவிடுவார்கள். அது தெரிந்துதான் ஆதவன் மறைக்கிறான், கனி மூடுகிறான். பயலின் முழங்கால் ஆறுகிறவரை பந்தை ஏந்தி ஏந்தி விட்டு, அந்தப் பழியைத் தன் மணிக்கட்டில் வாங்கிக்கொண்டிருக்கிறான். அதுவும் யாருடைய மகனுக்கு? அவனை வீட்டுக்கு அனுப்பத் துடிக்கிற தவசிலிங்கத்தின் மகனுக்கு. உண்மையைச் சொன்னால் கனி பிழைப்பான், பயல் போவான். சொல்லாவிட்டால் கனி போவான். இனி இந்த முடிச்சு டீச்சர் கையில்.

ஏழுமடைக் கிளப்பில் ஓட்டுப் போடக் காகிதம் கிடையாது. கோர்ட்டில் நின்று காட்ட வேண்டும். ஆள் வேண்டும் என்பவர்கள் நெட்டுக்குக் கிழக்கே, வேண்டாம் என்பவர்கள் மேற்கே. மனசில் இருப்பதை ஊர் பார்க்க நின்று சொல்ல வேண்டும் என்பதற்காக அந்தக் காலத்திலேயே வைத்த ஏற்பாடு. இன்னொரு விசேஷம், யாரைப் பற்றிய பேச்சோ அந்த ஆட்டக்காரனுக்கும் ஒரு ஓட்டு உண்டு. தனக்கு எதிராக நின்றவன் என்று இதுவரை ஒருத்தனும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் கமிட்டி கோர்ட்டில் இறங்கியது. கிழக்கே நாலு பேர், மேற்கே நாலு பேர். மேற்குக்கு முன்னால் தவசிலிங்கம், கிழக்குக்கு முன்னால் காஜா மைதீன், நடுவில் நெட்.

"ஏ பாய், இங்கிட்டு வாரும். ஒம்ம பேக்கரிக்கே ஒரு நகலு வாங்கலாம். ரொட்டியாவது வேகும்."

"நீரு இங்கிட்டு வாரும்வே. ஒம்ம பெயின்டுக்கு நகலு எடுத்தா சுவத்துல ஒட்டவாவது செய்யும்!"

"பேச்சு போதும்," என்று விசில் ஊதினார் டீச்சர். "கனி, ஒன் ஓட்டு?"

"ஒரு நிமிசம் டீச்சர்," என்றார் தவசிலிங்கம். "விதியில ஆட்டக்காரனுக்கு ஓட்டுன்னுதான் இருக்கு. பன்னீரும் கனிதானே? அதே புத்தி, அதே குரலு. அதுக்கும் ஓட்டு உண்டுல்லா?"

தந்திரம்தான். கனி தனக்கு நிற்பான், இயந்திரம் தனக்கு நிற்கும், சமமாகப் போய்விடும் என்று அவர் கணக்கு. டீச்சர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். "சரி. ரெண்டு பேரும் போயி நில்லுங்க."

கனி துண்டை உதறித் தோளில் போட்டான். கிழக்கே இருந்தவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். அவன் அவர்களைத் தாண்டி, குனிந்து, நெட்டுக்கு அடியில் புகுந்து, மேற்கே போய்த் தவசிலிங்கத்தின் பக்கத்தில் நின்றான்.

"ஏல, வழி தப்பிட்டியா?" என்று கத்தினார் காஜா.

"இல்ல பாய். பன்னீரு நல்லா ஆடுது. பயலுவளுக்கு நல்லது."

அதே நேரத்தில் பன்னீர் சக்கரத்தில் உருண்டு வந்தது. மேற்கிலேயே நிற்கும் என்று எல்லாரும் பார்த்தார்கள். அது நெட்டு முன்னால் நின்று, தூணைத் தாழ்த்தி, அடியில் புகுந்து, கிழக்கே போய்க் காஜா மைதீனின் பக்கத்தில் நின்றது.

"கனி இன்னும் நல்லா ஆடுவான் டீச்சர்," என்றது. "அவனுக்குக் குடுங்க."

வருண் ஓடிவந்து பலகையைத் தட்டினான், தூணைத் தட்டினான், கடைசியில் தன் நெற்றியைத் தட்டிக்கொண்டான். "இப்படி நாங்க எழுதவே இல்லையே!"

"நீ எழுதலை தம்பி. செட்டரு புத்தியைல்லா எடுத்து வச்சிருக்க?" என்றார் டீச்சர். "பந்து கைக்கு வந்தா இன்னொருத்தனுக்குத் தூக்கிக் குடுக்கத்தான் அதுக்குத் தெரியும். ஒங்கிட்ட வச்சுக்கோன்னு சொன்னா எப்படி வச்சுக்கும்?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பில் திருச்செந்தூர்க் கடலில் இரண்டு அலை திரும்பிப் போனதாகக் கேள்வி. ஆனால் ஓட்டு ஐந்துக்கு ஐந்து. எல்லார் கண்ணும் நடுவர் மேடைக்குப் போனது. சமமானால் தலைவி எந்தப் பக்கம் இறங்குகிறாரோ அதுதான் முடிவு.

ஆதவன் கோர்ட்டுக்கு வெளியே முகம் வெளிறி நின்றான். எதையோ சொல்லிவிடுகிறவன் போல ஒரு அடி முன்னால் வந்தான். டீச்சர் அவனைப் பார்த்து வேறு யாருக்கும் தெரியாமல் ஒரு தலையசைப்பு அசைத்தார். பிறகு ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கி, புடவையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கிழக்கே போய் நின்றார்.

"சேர்மக்கனிக்கு இன்னும் ரெண்டு வருசம். நகலு வேண்டாம்."

"காரணம்?" தவசிலிங்கத்தின் குரல் உடைந்தது. "காரணம் சொல்லணும் டீச்சர். ஏம் பய எதிர்காலம்லா இது! பந்து ஏன் லேட்டா வருது? அதுக்கு ஒரு பதிலு சொல்லுங்க!"

டீச்சர் அவரைப் பார்த்தார். சொல்லியிருந்தால் அந்த மனிதர் அங்கேயே கனியின் காலில் விழுந்திருப்பார். அதைப் பார்க்க டீச்சருக்கு ஆசைகூட இருந்தது. ஆசையை விழுங்கிக்கொண்டார்.

"காத்து," என்றார். "தேரிக்காத்து."

நெட்டுக்கு மேற்கே நின்ற கனி சட்டென்று நிமிர்ந்து பார்த்தான். டீச்சர் தன் காதை மெல்லச் சொறிந்துகொண்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் சிரிப்பு தோள்பட்டை வரை தெரிந்தது.

தவசிலிங்கம் ஒரு மாதம் டீச்சரிடம் பேசவில்லை. டீச்சரும் ஓய்வாக இல்லை. "இனிமே ஞாயித்துக்கெழம நாகர்கோயிலுக்கு ஏங் கார்ல போவோம்லே. எனக்கும் அந்தப் படத்தைப் பாக்கணும்," என்று இருவரையும் பின் ஸீட்டில் ஏற்றிக்கொண்டார். அங்கே முழங்கால் டாக்டர் சொன்ன பயிற்சியை விடியற்காலையில் விசில் ஊதிச் செய்ய வைத்தார். மழைக்காலம் முடிவதற்குள் ஆதவனின் முழங்கால் ஆறிவிட்டது. அடுத்த சீசனில் கனி அவனுக்கு விட்ட பந்துகள் போன வேகத்தில் கேமராக்காரர்களுக்குக் கழுத்துச் சுளுக்கு. கனிக்கு இளமை திரும்பிவிட்டது என்று பேப்பரில் எழுதினார்கள். "அவன் திரும்ப வருவான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்," என்று தவசிலிங்கம் பெயின்ட் கடையில் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு கோவத்துலதான் மேக்க நின்னேன்."

லீக் இறுதி ஆட்டம் மதுரையில். எதிரே கோவை அணி. அவர்கள் செட்டர் யார் தெரியுமா? பன்னீர்! கனியின் பேரில் ஆடினால்தான் லீக் விதி குறுக்கே வரும் என்பதால் பேரை மாற்றி, பெயின்ட் அடித்து, கழுத்தில் கோவை நிறத்தில் ரிப்பன் கட்டி நிறுத்தியிருந்தார்கள். வருண் பார்வையாளர் வரிசையில் டீச்சருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இளைத்திருந்தான்.

"கோளாறு சரியாயிருச்சா தம்பி?"

"சரி பண்ணித்தான் மேடம் வித்தோம். அந்தத் தாமதத்தைத் தேடித் தேடி அழிச்சோம். ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு." வருண் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இப்போ மறுபடி வருது. அதுவும் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும். அஞ்சாம் நம்பருக்கு. பிரிச்சு மாட்டியாச்சு. ஒண்ணும் புரியல."

டீச்சர் கோவையின் ஐந்தாம் நம்பரைப் பார்த்தார். வாட்டசாட்டமான பையன். பன்னீர் அவனுக்கு உயரமாக, ஒரு இழுப்பு தாமதமாகத் தூக்கிவிட்டது. அவன் நிதானமாக எகிறி அடித்து, இரண்டு காலில் இறங்கி, ஷூ நாடாவைச் சரி செய்வதுபோல் வலது கணுக்காலிடம் குனிந்தான். நாடா இறுக்கமாகத்தான் கட்டியிருந்தது.

கோர்ட்டில் கனியும் அதைப் பார்த்துவிட்டான். நெட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற பன்னீரைப் பார்த்தான். பிறகு ஆதவனின் தோளில் கைபோட்டு, "அஞ்சாம் நம்பரை ஓட வைக்காத மக்கா. மத்த பக்கம் அடி. அப்படியே ஜெயிப்போம்," என்றான்.

அப்படியேதான் ஜெயித்தார்கள், அதை ஏழுமடையில் இன்றும் விடிய விடியச் சொல்வார்கள். டீச்சர் எழுந்து நின்று ஊதிய விசிலுக்கு மதுரையில் எல்லா சிக்னலும் சிவப்பாக மாறியது.

"மேடம், உங்களுக்குத் தெரியும்," என்று வருண் கெஞ்சினான். "அன்னிக்கே தெரியும். சொல்லுங்க, அது ஏன் அப்படிப் பண்ணுது?"

"காத்து தம்பி," என்றார் டீச்சர் பெருமை தாங்காமல். "எங்க ஊரு காத்து."

வருண் அண்ணாந்து பார்த்தான். அது உள்ளரங்கம். கதவெல்லாம் சாத்தி ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஜன்னல்கூடக் கிடையாது.